உன் கல்யாணப் பத்திரிகையும் பழைய லேப்டாப்பும்

முரளிக்கு,

உன் கல்யாணப் பத்திரிகையை நம் பழைய லேப்டாப்பில் நானே அடித்துத் தருகிறேன் என்று சொன்னபோது நீ போனில் சிரித்தாய். எனக்கு அதில் கோபம் ஒன்றும் இல்லை. பத்திரிகை இன்று காலை அச்சாகி வந்துவிட்டது. கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதைப் பார்த்ததும் நீ என்னைக் கூப்பிடுவாய், கேள்வி கேட்பாய், நான் பதில் சொல்ல ஆரம்பிக்கும்போது உனக்கு மீட்டிங் வந்துவிடும். எனக்கும் போனில் நீளமாகப் பேச வராது. ஆகையால் கேள்வி வருவதற்கு முன்பே பதிலை எழுதிவிடுகிறேன். பெங்களூரில் உனக்கு நேரம் கிடைக்கும்போது படி, ஆனால் பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதே.

நீ வாட்ஸப்பில் அனுப்பிய மாதிரியிலிருந்து தொடங்குகிறேன். தாமரைப் பூ, மயில், பின்னால் மெல்லிய தங்க நிறம், எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் கண்ணில் முதலில் பட்டது எழுத்து. 'கொ' வர வேண்டிய இடத்தில் கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் மாதிரி தனித்தனியாக நின்றன. ஓர் இடத்தில் எழுத்தே இல்லாமல் புள்ளி வைத்த வட்டம் மட்டும் இருந்தது. அதையெல்லாம் மனதுக்குள் குறித்துக்கொண்டே கீழே இறங்கினேன். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டு, அதன் கீழே உன் சித்தப்பா பெயரும் சித்தி பெயரும் இருந்தன. மறுபடி மேலே போனேன். 'அமரர்' என்று உன் அப்பாவின் பெயர், அவருடைய குமாரன் என்று நீ. நான் எங்கேயும் இல்லை. பிழையைக் குறித்த பிறகுதான் நான் இல்லாததைக் கவனித்தேன் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

உடனே உன்னைக் கூப்பிட்டேன். நாம் என்ன பேசினோம் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது.

"இன்னாடா இது, கொம்பெல்லாம் ஒடஞ்சிக்கினு இருக்குது?"

"எந்தக் கொம்புமா?"

"தமிழ் எழுத்துடா. மண்டபத்து வாசல்ல நின்னுக்கினு நாலு பேரு படிச்சி சிரிப்பான்."

"ஆப்ல டைப் பண்ணா அப்படித்தான்மா வருது. யாரு இன்விடேஷன ஃபுல்லா படிக்கிறாங்க? டேட்டும் மண்டபமும்தான் பாப்பாங்க."

"கீழ பேரு..." என்று ஆரம்பித்தேன்.

"அது டெம்ப்ளேட்மா. சித்தப்பாவும் அதான் வழக்கம்னாரு. உனக்கு ஓகேதானே?"

நான் ஓகே என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "நானே அடிச்சித் தரேன்பா, நம்ம லேப்டாப்புல" என்றேன். அதற்குத்தான் நீ சிரித்தாய். கொம்பு உடைந்ததற்காக அம்மா இவ்வளவு அலட்டிக்கொள்கிறாள் என்று நினைத்திருப்பாய். எனக்கு வேண்டியிருந்தது கொம்பு இல்லை. என் மகன் கல்யாணத்துக்கு ஊரை நான் அழைக்க வேண்டும், என் பெயரில். அதை உன்னிடம் நேராகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நாளைக்கு உன் பெண்டாட்டி ஏதாவது சின்ன விஷயத்துக்கு, சட்டை மடித்த விதத்துக்கோ சாம்பார் உப்புக்கோ, அளவுக்கு மீறிக் குறை சொன்னால், அந்தச் சட்டையை மட்டும் மறுபடி மடித்துவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடாதே. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்.

அந்த லேப்டாப் நம் வீட்டுக்கு வந்தது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நீ அப்போது பால்வாடி. எங்கள் ஊர் கூரத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்த என் அப்பா, என்னை மட்டும் காஞ்சிபுரத்துக்கு டைப்ரைட்டிங் படிக்க அனுப்பினார். தமிழ் லோயர், ஹையர் இரண்டும் முடித்து நான் அச்சகத்தில் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வந்ததும் அதில் தமிழ் அடிக்க ஆள் வேண்டியிருந்தது, விரல் பழகிய ஆள் நான். கல்யாணப் பத்திரிகைதான் பெரும்பாலும். தை பிறந்தால் மூச்சு விட நேரம் இருக்காது. அந்தக் காலத்தில் கரண்ட் சொல்லிக்கொண்டு போகாது. பாதி அடித்தது அப்படியே காணாமல் போகும். உன் அப்பாவோ ஒயர்மேன். ஊருக்கெல்லாம் ஃபியூஸ் போடுகிறவர், என் திட்டுக்குப் பயந்து சென்னைக்குப் போய் ஒரு பழைய லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். "இதுல பேட்டரி கீதுமா. நான் லைன நிறுத்தினாலும் உன் வேல நிக்காது" என்றார். அன்றிலிருந்து பாதி வேலை வீட்டில்தான் நடந்தது. நீ அதன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாய், ஒருமுறை அதன்மேல் ரசத்தையும் கவிழ்த்திருக்கிறாய். அப்பா போன பிறகு அச்சகத்தில் புது மெஷின் வந்தது, எனக்கும் கண் மங்கியது, லேப்டாப் பழைய போர்வைக்குள் பரணுக்குப் போனது.

அதை நான் இறக்கினபோது உயிர் இல்லை. சார்ஜர் ஒயரை எலி கடித்திருந்தது. ரயில்வே ரோட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். மீசையை முறுக்கிக்கொண்டே எந்நேரமும் பேசுகிற மனிதர். தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், "இத எடைக்குப் போட்டாக்கூட எவனும் வாங்க மாட்டான்மா, புதுசா ஒண்ணு பாக்கலாமா?" என்றார். புதுசில் என் வேலை நடக்காது என்றேன். ஏன் என்று கேட்டதற்கு விளக்கினேன், உனக்கும் அதையே சொல்கிறேன். நாங்கள் அடித்த தமிழ் எழுத்து வேறு வகை. அந்த எழுத்து இருக்கிற மெஷினில் திறந்தால் 'திருமணம்' என்று வரும். மற்ற மெஷினில் திறந்தால் ஆங்கில எழுத்தும் முற்றுப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்து குப்பை மாதிரி வரும். நான் வருடக்கணக்காகச் செய்து வைத்த மாடல்கள் எல்லாம் அந்த எழுத்தில்தான் இருக்கின்றன. என் விரலுக்குத் தெரிந்த கீபோர்டும் அதில்தான் இருக்கிறது. நான் செய்ய நினைத்ததற்கு அந்த மாடல்களில் ஒன்று போதும் என்று நினைத்தேன்.

பேட்டரி செத்துவிட்டது, அதைக் கழற்றிவிட்டு நேராகக் கரண்டில் ஓட்டலாம் என்று அவர் வேறு சார்ஜர் தேடிக் கொடுத்தார். விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அடிப்பாகம் தோசைக்கல்லாகச் சுட்டு, தானே அணைந்துவிட்டது. அவர் பின்பக்கம் திருகுகளைக் கழற்றித் திறந்தார். திறந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அம்மா, இன்னாமா உள்ள இது? சேறா?"

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். சந்தனம். காய்ந்து, கல்லாகி, மேலே குங்குமம் படிந்து, உள்ளே இருக்கிற சின்ன மின்விசிறியின் இறக்கைகளை அசையவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. உன் அப்பாவின் வேலை. ஆயுத பூஜைக்கு ஸ்பேனர், கட்டிங் பிளேயர், டெஸ்டர், டிவிஎஸ் வண்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டுக் கடைசியில் லேப்டாப்புக்கு வருவார். மூடிமேல் ஒரு பொட்டு வைத்தால் அவருக்குத் திருப்தி ஆகாது. வண்டிக்குச் சக்கரத்தில் வைக்கிற மாதிரி, காற்று வெளியே வருகிற பக்கவாட்டுச் சல்லடையில் மூன்று விரலால் இழுத்துப் பட்டை போடுவார். வருடா வருடம். கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மூச்சுக் குழாய்க்கே பட்டை போட்டிருக்காரும்மா!" என்று பக்கத்துக் கடை ஆளைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு எடுத்து வந்து, பழைய பிரஷ்ஷும் காது குடைகிற பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்துக்கொண்டு நானே சுரண்டினேன். சுரண்டச் சுரண்டக் கொஞ்சம் வாசனைகூட வந்தது. எதையும் எடுத்து டப்பியில் வைத்துக்கொள்ளவில்லை. தூளை முறத்தில் தட்டி வெளியே கொட்டினேன்.

மறுபடி போட்டபோது விசிறி சுற்றியது. தேதி தெரியாமல் ஒரு பட்டனை அழுத்தச் சொன்னது, அழுத்தினேன், தன்பாட்டுக்கு ஏதோ ஒரு பழைய ஜனவரி முதல் தேதியில் விழித்துக்கொண்டது. திரை கொஞ்சம் சிவந்து தெரிந்தது, கீல் உடைந்திருந்ததால் அரிசி டின்மேல் சாய்த்து வைத்தேன். உள்ளே என்ன இருந்தது என்று கேட்பாய். ரகசியம் ஒன்றும் இல்லை. அப்பாவின் போட்டோகூட இல்லை. பூரா ஊரார் கல்யாணம். பிள்ளையார்பாளையத்துக் கல்யாணம், சின்ன காஞ்சிபுரத்துக் கல்யாணம், தென்னேரி, ஓரிக்கை. முகூர்த்த நேரம் தவறாகப் போட்டதாக அச்சக வாசலில் வந்து கத்தினவர்களின் கல்யாணமும் இருந்தது. அதில் சேர்ந்து வாழ்கிறவர்கள் எத்தனை பேர், பிரிந்தவர்கள் எத்தனை பேர் என்று லேப்டாப்புக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

மாடல்கள் எல்லாம் தனி இடத்தில் இருந்தன. அவசரத்துக்கு உதவ நான் செய்து வைத்தவை. 'இருவரும் உண்டு' என்று ஒன்று, 'அப்பா இல்லை' என்று ஒன்று, 'அம்மா இல்லை' என்று ஒன்று, 'இருவரும் இல்லை' என்று ஒன்று. வீட்டார் வந்ததும் முதலில் அதைத்தான் கேட்போம், அப்பா அம்மா இருக்காங்களா என்று. பதிலைக் கேட்டு அதற்கான மாடலைத் திறந்து பெயரை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது. உனக்கு நான் 'அப்பா இல்லை' மாடலைத் திறந்தேன். வேறு எதைத் திறப்பேன்? மேலே அமரர் என்ற இடத்தில் உன் அப்பாவின் பெயரை அடித்தேன். பிறகு என் பெயரை எங்கே அடிப்பது என்று தேடினேன். மேலிருந்து கீழ் வரை பார்த்தேன். இடம் இல்லை. கீழே அழைக்கிறவர்களுக்கு இரண்டு வரி இருந்தது: பெரியப்பா பெரியம்மா, அல்லது சித்தப்பா சித்தி, அல்லது தாய்மாமன் அத்தை. அப்பா போனால் அம்மாவும் பத்திரிகையிலிருந்து போய்விடுகிற மாதிரி அந்த மாடலைச் செய்திருந்தது வேறு யாரும் இல்லை, நான். நீ ஆப்பில் எடுத்த டெம்ப்ளேட்டும் அதேதான். அங்கே எனக்கு அழுகை வந்தது, மறைப்பானேன்.

அழும்போதே ஓர் அம்மாளின் முகம் வந்தது. பிள்ளையார்பாளையத்தில் புருஷன் போன பிறகு தறி வைத்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். மூத்தவன் கல்யாணத்துக்குப் புருஷனின் அண்ணனோடு புரூஃப் பார்க்க வந்தாள். படிக்கத் தெரியும். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கிக் கடைசியில் நிறுத்தி, "இதுல நான் எங்கம்மா வரேன்?" என்று கேட்டாள். "பொம்பளைங்க தனியா அழைக்கிற மாதிரி போட்றது வழக்கம் இல்லமா" என்றேன். அவள் தலையாட்டினாள், கூட வந்தவர் பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் இன்னொரு தடவை பார்த்தாள். நான் அடுத்த வேலையை எடுத்தேன். இப்போது அதை நினைத்து மார்பில் அடித்துக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. வந்தவர்கள் கேட்டதைத்தான் அடித்தேன், நான் அடிக்காவிட்டால் பக்கத்து அச்சகத்தில் அடித்திருப்பார்கள். ஆனால் அவள் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று அரிசி டின்னுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது.

அந்த மாடலை மூடினேன். அதில் ஒரு வரியைச் சேர்க்கலாம், ஆனால் சேர்த்தால் எல்லா வரியும் நகரும், இடம் நெருக்கும், ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு சும்மா 'அம்மா இல்லை' மாடலைத் திறந்து பார்த்தேன். பெண்டாட்டி போன ஆம்பிளைகளின் பத்திரிகை. மேலே அமரர் என்று அந்தம்மாள் பெயர். கீழே அழைக்கிற இடத்தில் அவர் பெயர், தனியாக, நடுவில், கொட்டை எழுத்தில். அவருக்கு முன்னால் 'திரு'. அதன் கீழேதான் மற்ற உறவினர்கள். இருபது வருடமாக எந்த ஆளும் வந்து, என் பெண்டாட்டி இல்லை, என் பெயரைப் போடலாமா என்று என்னிடம் கேட்டது கிடையாது. நானும் யாரிடமும் கேட்டது கிடையாது.

எனக்கு வேண்டிய பத்திரிகை அதுதான். ஒரு வரியும் நகரவில்லை. அமரர் இருந்த இடத்தில் உன் அப்பா உட்கார்ந்தார். கீழே 'திரு' இருந்த இடத்தில் 'மதி' என்று இரண்டு எழுத்துச் சேர்த்து, என் பெயரை அடித்தேன். அவ்வளவுதான் நான் செய்த வேலை.

மற்றது எல்லாம் அலைச்சல். லேப்டாப்புக்கு இந்தக் காலத்துப் பென் டிரைவைக் காட்டினால் என்னவென்றே தெரியவில்லை. எழுத்தை எல்லாம் படமாக்கி, சிடியில் ஏற்றினேன். அச்சகத்தில் சிடி போட இடம் இல்லை என்றார்கள். மறுபடி மீசைக்காரர் கடைக்குப் போய், அவர் அங்கிருந்து போனுக்கு ஏற்றி, போனிலிருந்து அச்சகத்துக்குப் போனது. கருட சேவைக்குக் காந்தி ரோட்டை அடைத்திருந்தார்கள், ஆட்டோ சுற்றிக்கொண்டு போனது. நடுவில் ஒருநாளாவது உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ சித்தப்பாவிடம் கேட்பாய், சித்தப்பா அவர் மாமியாரிடம் கேட்பார், பத்திரிகை பங்குனிக்குத்தான் வரும். அதனால் சொல்லவில்லை.

சித்தப்பா இன்று மத்தியானம் வாலாஜாபாத்திலிருந்து வந்தார். அவர் நல்ல மனிதர். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அரிசி மில்லுக்கு லீவு போட்டுவிட்டு வாசலிலேயே படுத்துக்கிடந்தவர். அவருக்குத் தெரியாமல் செய்துவிட்டோமே என்று எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. பத்திரிகையைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"அண்ணி, எங்க பேரு?"

"இருக்குது தம்பி. கீழ பாருங்க, அன்புடன்னு போட்டு ரெண்டு பேரு பேரும் இருக்குது."

"அது பாத்தேன். மேல இருக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"மேல நான் இருக்கேன்."

அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். பாதி டீ குடிக்கும் வரை பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஊர்ல நாலு பேரு கேப்பாங்க அண்ணி. நான் உசுரோட இருக்க சொல்லோ நீங்க எப்படி போட்டுக்கினீங்கன்னு."

"கேட்டா, அண்ணி இருக்க சொல்லோ நான் எப்படி போடுவேன்னு கேளுங்க."

"முரளிக்குத் தெரியுமா?"

"எழுதப் போறேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். முகத்தில் வருத்தம் இருந்தது, இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வண்டி வரை போனவர், திரும்பி வந்து கையை நீட்டினார். "ஒரு கட்டு குடுங்க. மில்லு பக்கம் இன்னிக்கே வெச்சிட்றேன். இனிமே அண்ணி கூப்பிட்றாங்கன்னு சொல்லித்தான் வெக்கணும், இல்ல?" ஆமாம் என்றேன். பெட்ரோல் டாங்க்மேல் கட்டை வைத்துக்கொண்டு போனார்.

மாலை எடுத்துக் கொடுப்பது யார், தாம்பாளம் பிடிப்பது யார், மேடையில் எந்தப் பக்கம் யார் நிற்பது என்பதையெல்லாம் நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். சித்தி முன்னால் நிற்கட்டும், எனக்கு முட்டி வலி, நாற்காலி போட்டால் உட்கார்ந்துகொள்வேன். லேப்டாப்பை மறுபடி பரணில் ஏற்றவில்லை. ஆனாலும் அதற்காக ஆசைப்பட்டுக்கொண்டு இருக்கவும் இல்லை. கல்யாணம் முடிந்ததும் மீசைக்காரரே எடுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். அதற்குள் யாராவது புருஷன் இல்லாதவள் மகனுக்கோ மகளுக்கோ பத்திரிகை அடிக்க வந்தால் அடித்துக் கொடுப்பேன்.

உனக்கு ஐம்பது பத்திரிகை கூரியரில் போட்டிருக்கிறேன். எழுத்து எங்கேயும் உடையவில்லை, நீ தைரியமாக ஆபீஸில் கொடுக்கலாம். அழைக்கிற இடத்தில் இருக்கிற பெயரைப் படித்ததும் உனக்குச் சட்டென்று யார் இது என்று இருக்கும். பிறந்ததிலிருந்து நீ என்னை ஒரே வார்த்தையில்தான் கூப்பிட்டிருக்கிறாய். இந்தக் கடிதத்தின் அடியில் அந்த ஒரு வார்த்தையைப் போட்டால் போதும், யார் எழுதியது என்று உனக்குத் தெரிந்துவிடும். ஊரை அழைக்க அது போதாது. அதனால் அங்கே என் முழுப் பெயரையும் போட்டிருக்கிறேன்.

அம்மா